மாதம் ஒரு படம்: இந்தியத் திரைப்படச் சங்கங்களின் வரலாறு

இந்தியக் கலைப்படங்களின் வரலாறு பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சத்யஜித் ராய், ரித்விக் கட்டக், மிருணாள் சென், அடூர் கோபாலகிருஷ்ணன் என்று பெயர்கள் அடுத்தடுத்து வர, அவர்கள் எடுத்த படங்களைப் பொறுமையோடும் ஆர்வத்தோடும் பார்க்கக்கூடிய ஓர் அவை எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி ஓரமாகவே நின்றுவிடுகிறது. அந்த அவை தானாக உருவாகிவிடவில்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை வாடகை அரங்கில் கூடி, வணிகத் திரையரங்குகள் திரும்பியும் பாராத படங்களைப் பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசிக் கலைந்த சிறு குழுக்களே அதை உருவாக்கின. பேச்சு வழக்கில் பிலிம் சொசைட்டி என்றே அறியப்பட்ட இத்திரைப்படச் சங்கங்கள், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்காக மட்டும், ஊதியம் பெறாத நிர்வாகிகளால் நடத்தப்பட்டவை. அவற்றின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால், அவற்றின் பெரும்பணி இயக்குநர்களை உருவாக்கியதைவிடப் பார்வையாளர்களை உருவாக்கியதில்தான் அடங்கியிருந்தது என்பதும், அந்தப் பணி உள்ளூர் மொழியில் நடந்த இடங்களில் ஆழமாக வேர்விட்டது என்பதும் புலப்படும்.

இவ்வகைச் சங்கத்தின் தொடக்கம் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. திரைப்படம் சந்தைக் கேளிக்கை அன்று, அது ஒரு தனிக்கலை என்று வாதிட்ட ரிச்சோத்தோ கனூதோ 1921இல் பாரிசில் 'ஏழாம் கலையின் நண்பர்கள்' என்ற மன்றத்தைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1925 அக்டோபரில், ஐவர் மாண்டேகுவும் அவர் நண்பர்களும் லண்டனில் நிறுவிய திரைப்படச் சங்கம், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ரீஜன்ட் தெருவின் திரையரங்கு ஒன்றில் படங்களைக் காட்டத் தொடங்கியது. பெர்னார்ட் ஷா, எச். ஜி. வெல்ஸ், பொருளியல் அறிஞர் கெயின்ஸ் ஆகியோர் அதன் ஆதரவாளர் பட்டியலில் இருந்தனர். ஆயினும் பின்வந்த சங்கங்கள் அனைத்துக்கும் அது விட்டுச்சென்ற மிகப் பெரிய கொடை ஒரு சட்ட நுணுக்கமாகும். பொதுமக்களுக்குச் சீட்டு விற்றுக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். சந்தா கட்டிய உறுப்பினர்கள் தமக்குள் கூடிப் பார்க்கும் படம் பொதுக்காட்சி ஆகாது என்று வாதிடலாம். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்கு 1954 வரை தடைசெய்யப்பட்டிருந்தபோதும், 1929 நவம்பரில் அச்சங்கத்தின் உறுப்பினர்கள் அதைப் பார்க்க முடிந்தது இந்த வாதத்தின் துணையால்தான். அன்று அதனுடன் சேர்த்துக் காட்டப்பட்ட 'டிரிஃப்டர்ஸ்' என்னும் ஜான் கிரியர்சனின் படத்திலிருந்தே பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கம் பிறந்தது என்பதை நோக்கினால், ஒரு நாள் திரையிடல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பது விளங்கும்.

இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் மாகாணத் தலைநகரங்களில் தணிக்கை வாரியங்களை ஏற்படுத்தியிருந்தது. காலனி அரசுக்கு ஒவ்வாத படங்கள் துறைமுகத்தைத் தாண்டுவதே அரிதாக இருந்த அக்காலத்தில், 1937இல் பம்பாயில் தொடங்கிய அமெச்சூர் சினி சொசைட்டியும், 1940களின் தொடக்கத்தில் அதே நகரில் உருவான பம்பாய் திரைப்படச் சங்கமும் இத்துறையின் முன்னோடிகள். இவ்விரண்டும் பெரும்பாலும் ஐரோப்பியரும் மேல்தட்டு இந்தியரும் கூடிய இடங்களாக இருந்தமையால், நாட்டின் திரைப்படச் சூழலோடு அவை நேரடியாக மோதவில்லை. அந்த மோதல் நிகழ்ந்த இடம் கல்கத்தா.

விடுதலை கிடைத்து இரண்டு மாதம்கூட நிறைவடையாத 1947 அக்டோபர் 5 அன்று கல்கத்தா திரைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. பிரிவினைக் கலவரங்களின் வடு ஆறாத நகரில், டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிய சத்யஜித் ராய், எழுத்தாளர் சிதானந்த தாஸ்குப்தா, பின்னாளில் ஆவணப்பட இயக்குநராக அறியப்பட்ட ஹரிசாதன் தாஸ்குப்தா, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா முதலியோர் அதன் மையமாக இருந்தனர். அவர்கள் முதலில் திரையிட்டது 'பொட்டெம்கின்' என்பதில் லண்டன் சங்கத்தின் நிழல் தெரிகிறது. உறுப்பினர் தொகை சில பத்துகளைத் தாண்டவே நெடுநாள் பிடித்தது. பெரும்பாலான கூட்டங்கள் வீடுகளின் முன்னறைகளில் நடந்தன. ஆனால் அந்த முன்னறைப் பேச்சுகள் வெறும் ரசனைப் பரிமாற்றமாக நின்றுவிடவில்லை. இந்தியப் படங்களின் குறை என்ன என்று 1948இல் ராய் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் எழுதிய கட்டுரை, நாடக மேடையின் செயற்கையையும் ஆலிவுட்டின் நகலையும் விட்டுவிட்டு வாழ்க்கையிலிருந்தே திரைப்படத்தின் கச்சாப்பொருளை எடுக்க வேண்டும் என்று வாதிட்டது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதன் படத்தொகுப்பு ஏன் அவ்வாறு அமைந்தது என்று காட்சி காட்சியாகப் பிரித்துப் பேசும் பழக்கத்தை மாதந்தோறும் மேற்கொண்ட ஒரு குழுவிலிருந்துதான் அப்படிப்பட்ட கட்டுரை வந்திருக்க முடியும்.

வெளியிலிருந்து வந்தவர்களும் இக்குழுவுக்கு வாய்த்தார்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்கு இடம் தேடி 1949இல் கல்கத்தா வந்தபோது, ராய் அவருடன் ஊர்ப்புறங்களில் அலைந்தார். படப்பிடிப்பு தொடங்கியதும் பன்சி சந்திரகுப்தா கலைப்பிரிவிலும் ஹரிசாதன் தாஸ்குப்தா உதவி இயக்குநராகவும் பணியாற்றினர். மறு ஆண்டு அலுவலகப் பணியாக லண்டன் சென்ற ராய், சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்தார் என்பதும், அவற்றுள் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அவர் போக்கையே தீர்மானித்தது என்பதும் பலரும் அறிந்தவை. தொழில்முறை நடிகர் இல்லாமல், தெருவிலும் வீட்டிலும் இயல்பான ஒளியில், ஒரு மிதிவண்டி திருடுபோனதை மட்டும் வைத்து ஒரு முழுப்படத்தை எடுக்க முடியும் என்பதற்கு அப்படம் சான்றாக நின்றது.

அதே படத்தை இந்தியாவில் இருந்தோர் பார்க்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கிய முதல் சர்வதேசத் திரைப்பட விழா, அங்கிருந்து டெல்லிக்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் சென்றது. ஆலிவுட்டையும் உள்நாட்டுப் படங்களையும் தவிர வேறொன்றும் அறியாதிருந்த பார்வையாளருக்கு இத்தாலிய நவயதார்த்தப் படங்கள், அதாவது போருக்குப் பிந்தைய வறுமையைப் புனைவின் அலங்காரம் இல்லாமல் காட்டிய படங்கள், ஒருசேரக் கிடைத்தன. இதில் ஒரு முரண் உண்டு: விழா வந்த காலத்தை ஒட்டித்தான் கல்கத்தா சங்கம் செயலற்றுப் போயிற்று. அதை நடத்தியவர்கள் படம் எடுக்கச் சென்றுவிட்டதே அதற்கான காரணங்களுள் முதன்மையானது. 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்த பின்னர், 1956இல் சங்கம் மீண்டும் உயிர்பெற்றது. ஐசன்ஸ்டைனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி சீட்டன் 1950களின் நடுவில் இந்தியாவுக்கு வந்து, படங்களைக் காட்டிக் காட்டி ஊர் ஊராக ஆற்றிய உரைகள் புதிய சங்கங்கள் தோன்றத் தூண்டுகோலாயின. ஐதராபாத்தில் மாணவராக இருந்த ஷியாம் பெனகல் அங்கு ஒரு சங்கத்தைத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே வகையான இடர்களைச் சந்தித்தன. வெளிநாட்டுப் படம் ஒன்றை வரவழைக்கத் தேவையான அந்நியச் செலாவணி எந்தச் சங்கத்துக்கும் இல்லை. தூதரகங்கள் முன்பின் அறியாத குழுவுக்குப் படச்சுருளைக் கொடுக்கத் தயங்கின. தணிக்கை அலுவலகமும் கேளிக்கை வரித் துறையும் சங்கத் திரையிடலைத் திரையரங்கக் காட்சியாகவே நடத்தின. இவற்றைச் சேர்ந்து எதிர்கொள்ளும் பொருட்டு, கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் சங்கங்கள் இணைந்து 1959 டிசம்பர் 13 அன்று இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை அமைத்தன. ராய் தலைவரானார். சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற அம்மு சுவாமிநாதன் துணைத் தலைவர்களுள் ஒருவர். பாட்னாவிலும் பின்னர் டெல்லியிலும் சங்கம் வளர்த்த விஜயா மூளேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் இணைச் செயலர்களாகப் பொறுப்பேற்று, அன்றாட வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தனர். கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்த இந்திரா காந்தி 1964இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானது, அரசின் காதுக்குச் சங்கங்களின் குரல் எட்ட உதவியது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, எந்தத் திரையிடலுக்கும் விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை மைய அரசுக்கு வழங்கியிருந்தது. கூட்டமைப்பின் உறுப்புச் சங்கங்கள் தணிக்கைச் சான்று பெறாத படங்களை உறுப்பினருக்கு மட்டும் காட்டிக்கொள்ளும் உரிமையை 1960களில் பெற்றபோது, லண்டனில் பிறந்த வாதம் இந்தியச் சட்டத்தில் ஓர் இடத்தைப் பிடித்தது.

அந்த உரிமைக்கு விலையும் இருந்தது. வாசலில் சீட்டு விற்கக் கூடாது. உறுப்பினர் அட்டை இல்லாதவரை உள்ளே விடக் கூடாது. கணக்குகளும் படப் பட்டியலும் ஒழுங்காகப் பேணப்பட வேண்டும். ஆகவே ஒரு மாதத் திரையிடலின் பின்னால் செயலரின் எழுத்து வேலை மலையாகக் குவிந்தது. கூட்டமைப்பு ஒரு படத்தைப் பெற்றுவிட்டால், அதன் ஒரே பிரதி ஊர் ஊராகச் சுற்றுக்கு விடப்படும். ஒரு சங்கம் திரையிட்ட மறுநாளே தகரப் பெட்டிகளில் அடைத்து, இரயில் பார்சலில் அடுத்த ஊருக்கு ஏற்றிவிட வேண்டும். இடையில் ஒரு பெட்டி எங்காவது தங்கிவிட்டால், அதற்குப் பின்னால் காத்திருக்கும் ஊர்கள் எல்லாவற்றின் நிகழ்ச்சியும் குலையும். அரங்கங்களில் பயன்படும் 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்குத் திரையரங்கையே வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமான காட்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளே அதற்கு மலிவாகக் கிடைத்தன. அளவில் சிறிய 16 மில்லிமீட்டர் படமாக இருந்தால் பள்ளிக்கூட வகுப்பறையோ நூலகக் கூடமோ போதும். எடுத்துச் செல்லத்தக்க ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, ஒலிபெருக்கி ஆகியவற்றோடு காரியம் முடிந்துவிடும். கலைப்படம் பெருநகரத்தை விட்டு வெளியேறியது இந்தச் சிறிய சுருளின் மேலேறித்தான். திரையிடலுக்கு முன்பு, படத்தின் இயக்குநர், கதைச் சுருக்கம், காலப் பின்னணி ஆகியவற்றை எழுதி, மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுத்த ஓரிரு பக்கக் குறிப்புத்தாள் கையில் தரப்படும். பலருக்கு வெளிநாட்டு இயக்குநர் ஒருவரின் பெயர் முதன்முதலில் அறிமுகமானது அந்த மை கசிந்த தாளில்தான்.

எந்தப் படங்கள் வந்தன என்பதைத் தீர்மானித்ததில் சங்கங்களின் விருப்பத்துக்கு நிகராக உலக அரசியலுக்கும் பங்கு இருந்தது. பனிப்போர்க் காலத்தில், தம் பண்பாட்டை அணிசேரா இந்தியாவில் எடுத்துக்காட்ட முனைந்த சோசலிச நாடுகளின் தூதரகங்கள், கட்டணம் ஏதும் கேளாமல் படங்களைக் கொடுத்தன. சோவியத் படங்கள் மட்டுமன்றி, போலந்தின் ஆந்த்ரே வாய்தா, ஹங்கேரியின் மிக்லோஷ் யான்சோ, செக்கோஸ்லோவாக்கியாவின் யிரி மென்சல் முதலியோரின் படங்களும் இவ்வழியே வந்தன. அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களையும், மாக்ஸ் முல்லர் பவன் ஜெர்மன் படங்களையும் அளித்தன. இதன் விளைவாக, 1970களில் ஓர் இந்தியச் சிறுநகரத்து எழுத்தரோ ஆசிரியரோ, அமெரிக்கப் படங்களை அவ்வளவாக அறியாமலும், போலந்தின் போருக்குப் பிந்தைய தலைமுறையின் மனச்சாட்சிச் சிக்கல்களை நன்கு அறிந்தும் இருக்கக்கூடிய ஒரு நிலை உண்டாயிற்று. அரசுத் தணிக்கையின் கண்ணில் மண்ணைத் தூவி, உருவகத்தின் வழியே அதிகாரத்தை விமர்சித்த கிழக்கு ஐரோப்பியப் படங்களை, அந்த அரசுகளின் தூதரகங்களே பெட்டியில் வைத்து அனுப்பின. நெருக்கடி நிலைக் காலத்தில் அவற்றைப் பார்த்த இந்தியருக்கு அவ்வுருவகங்களைப் புரிந்துகொள்ள உரை எதுவும் தேவைப்பட்டிராது.

தூதரகங்களுக்கு அப்பால் சங்கங்களுக்கு உறுதுணையாக நின்றது புனே. 1964 பிப்ரவரியில் அங்கு நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு மறு ஆண்டு வந்து சேர்ந்த பி. கே. நாயர், ஏறத்தாழ 12,000 படங்கள் சேர அடிப்படைக் காரணமாக இருந்தவர். ஆவணக்காப்பாளர் என்றால் பூட்டி வைப்பவர் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. உலகத் திரைப்படத்தின் செவ்வியல் படைப்புகளைப் பிரதியெடுத்து, சங்கங்களுக்கு வழங்குவதற்கென்றே ஒரு தனி நூலகத்தை அங்கு நடத்தினார். அருகிலேயே இருந்த திரைப்படக் கல்லூரியில், ஆக்ராவில் பொருளியல் ஆசிரியராக இருந்தபோதே திரைப்படச் சங்கம் நடத்திப் பழகிய சதீஷ் பகதூர், திரைப்பட ரசனை என்பதை ஒரு பாடமாக வகுத்தார். ரசனைப் பயிற்சி என்பது, ஒரு படத்தின் கதையைச் சொல்வதற்கு மாறாக, காட்சிச் சட்டகம், ஒளி, வெட்டு, ஒலி, மௌனம் ஆகியவை பொருளை எவ்வாறு உண்டாக்குகின்றன என்று கவனிக்கக் கற்றுக்கொடுப்பது. இவ்விரு நிறுவனங்களும் இணைந்து ஆண்டுதோறும் கோடையில் நடத்திய வகுப்புகளுக்கு வந்த வங்கி ஊழியரும் கல்லூரி ஆசிரியரும் ஊர் திரும்பித் தத்தம் சங்கங்களில் அதைப் பரப்பினர். பதேர் பாஞ்சாலியைப் பகதூர் காட்சிவாரியாகப் பகுத்து விளக்கிய முறை, அவரை நேரில் காணாதவர்களின் பேச்சிலும் எதிரொலித்தது.

வளர்ச்சியின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. தணிக்கை இல்லாத படம் என்ற செய்தி, கலையில் நாட்டம் இல்லாத ஒரு கூட்டத்தையும் ஈர்த்தது. உடல் காட்சிகள் உண்டு என்று கேள்விப்பட்ட படங்களுக்கு அரங்கம் நிரம்பி வழிவதும், மறுமாதம் ஓர் அமைதியான ஜப்பானியப் படத்துக்கு நாற்காலிகள் காலியாகக் கிடப்பதும் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் பெருநகரச் சங்கங்களில் வழக்கமான காட்சியாயின. சில சங்கங்கள் அந்தக் கூட்டத்தின் சந்தாவை நம்பியே பிழைத்தன. கூட்டமைப்பைத் தொடங்கியவர்கள் இது குறித்துக் கசப்போடு எழுதினர். எனினும் அந்தக் கசப்பில் பாதி, சங்கங்கள் தாமே தேடிக்கொண்டது என்று கூற இடமுண்டு. ஆங்கிலத் துணைத்தலைப்புகளோடு ஒரு படத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்பைக் கொடுத்து, ஆங்கிலத்திலேயே விவாதித்த பெருநகரச் சங்கம், அந்த மொழியில் சரளம் இல்லாத உறுப்பினருக்குத் திரையில் தெரியும் உடலைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை.

இதற்கு மாறான வழியைக் கேரளம் கண்டது. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று 1965இல் வெளிவந்த அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலியோரோடு சேர்ந்து அவ்வாண்டே திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் துணையமைப்பாக உருவான சித்ரலேகா கூட்டுறவுச் சங்கம் படத் தயாரிப்பிலேயே இறங்கியது. 1972இல் அது தயாரித்த 'சுயம்வரம்' சிறந்த படம், இயக்கம், நடிகை, ஒளிப்பதிவு என நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. கோழிக்கோட்டில் செலவூர் வேணுவின் முயற்சியில் அஸ்வினி சங்கம் எழுந்தது; அதையடுத்துச் சிறுநகரங்களிலும் பஞ்சாயத்துகளிலும் சங்கங்கள் தோன்றின. பி. என். பணிக்கரின் கிரந்தசாலா இயக்கம் ஊர்தோறும் படிப்பகங்களை நிறுவியிருந்ததால், கூடமும் வாசகரும் விவாதிக்கும் வழக்கமும் அங்கு ஏற்கெனவே இருந்தன. திரைப்படச் சங்கம் அவற்றின் நடுவில் ஒரு திரையைக் கட்டினால் போதுமானதாயிற்று. படத்துக்கு முன் கதையும் பின்னணியும் மலையாளத்தில் கூறப்பட்டன. விமர்சனங்கள் மலையாள வார இதழ்களில் வந்தன. திரைப்பட நூல்கள் மலையாளத்தில் அச்சாயின. கேரளத்தில் கலைப்பட இயக்குநர் ஒருவருக்குச் சொந்த ஊரிலேயே பார்வையாளர் கிடைத்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இப்போக்கின் உச்சம் ஒடெசா கூட்டமைப்பு. 'பொட்டெம்கின்' படத்தின் படிக்கட்டுக் காட்சி நிகழும் நகரத்தின் பெயரைத் தாங்கி, 1984இல் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு, இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவர் தோழர்களும் இதை அமைத்தனர். வழக்கமான சங்கம் உறுப்பினரை அரங்குக்கு அழைத்தது என்றால், ஒடெசா புரொஜெக்டரைச் சுமந்துகொண்டு ஊர்களுக்குச் சென்றது; சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் தெருமுனைகளிலும் பள்ளி மைதானங்களிலும் காட்டி, பார்த்தவர் விரும்பிக் கொடுத்த சில்லறையைத் திரட்டியது. அவ்வாறு சேர்ந்த மக்கள் பணத்தைக் கொண்டு 1986இல் எடுக்கப்பட்ட 'அம்ம அறியான்', இறந்துபோன ஓர் இளைஞனின் செய்தியை அவன் தாய்க்குச் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி நோக்கிச் செல்லும் தோழர்களின் பயணத்தைப் பற்றியது. அப்படமும் வணிக வெளியீட்டை நாடாமல், பணம் கொடுத்த ஊர்களுக்கே திரும்பிச் சென்று திரையிடப்பட்டது. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்க உரிமையாளர் என்ற மூன்று இடைநிலைகளையும் நீக்கிவிட்டு, பார்வையாளரையே தயாரிப்பாளராக்கிய இம்முயற்சிக்கு இந்தியத் திரைப்பட வரலாற்றில் இணை மிகக் குறைவு. 1987 மே மாதத்தில் ஜான் ஆபிரகாம் மறைந்ததோடு அதன் வேகம் தளர்ந்தது.

கர்நாடகத்தின் மலைநாட்டில், சிமோகா மாவட்டத்துப் பாக்குத் தோட்டங்களின் நடுவே உள்ள ஹெக்கோடு என்ற சிற்றூரில், கே. வி. சுப்பண்ணா 1949இல் தொடங்கப்பட்ட நீநாசம் நாடகக் குழுவின் கிளையாக 1973இல் ஒரு திரைப்படச் சங்கத்தை அமைத்தார். புனே ஆவணக்காப்பகத்திலிருந்து வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'பதேர் பாஞ்சாலி', 'ரஷோமோன்' ஆகியவற்றை அங்கு விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கன்னட விளக்கத்தோடு பார்த்தனர். ரசனை வகுப்புகளையும் கிராமத்திலேயே நடத்தச் சதீஷ் பகதூர் போன்றோர் வந்தனர். கலைப்படம் படித்த நகரத்தாருக்கே உரியது என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தபோது, பாராட்டப்பட்ட பணிகளுள் இதுவும் அடங்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பி. கே. நாயரைப் பற்றி 2012இல் வெளிவந்த 'செல்லுலாய்ட் மேன்' ஆவணப்படத்தில், அவ்வூர் விவசாயிகள் தாம் பார்த்த இத்தாலியப் படத்தை நினைவிலிருந்து விவரிக்கின்றனர்.

தமிழகத்தின் கதை இவற்றிலிருந்து வேறானது. நான்கு மொழிப் படங்களும் எடுக்கப்பட்ட பெருந்தொழில் மையமான சென்னையில், கூட்டமைப்பு பிறப்பதற்கு முன்பே சங்கம் இருந்தது. சோவியத் பண்பாட்டு மையமும் அலியான்ஸ் பிரான்சேசும் மாக்ஸ் முல்லர் பவனும் திரையரங்கங்களோடு இயங்கின. 1977இல் தொடங்கிய இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் மாதந்தோறும் விடாமல் படங்களைத் திரையிட்டது. ஆனால் கோடம்பாக்கத்தின் பேரொலிக்கு நடுவே இச்செயல்பாடு ஆங்கிலம் அறிந்த நகர்ப்புற வட்டத்தைத் தாண்ட மிகவும் இடர்ப்பட்டது. தமிழகத்தில் அரசியலும் திரைப்படமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருந்தமையால், திரைப்படத்தைப் பற்றித் தீவிரமாகப் பேசுவதே ஒரு பக்கத்தைச் சார்வதாகக் கருதப்பட்டதும் தடையாயிற்று. இதன் விளைவை ஒரு படத்தின் வாழ்வில் காணலாம்: வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் ஜான் ஆபிரகாம் 1977இல் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றபோதும், அதற்குத் திரையரங்குகளின் கதவு திறக்கவில்லை. அதைப் பார்த்த தமிழருள் பெரும்பாலோர் சங்கத் திரையிடல்களில்தான் பார்த்தனர். அதே இயக்குநருக்குக் கேரளத்தில் ஊர் ஊராகப் பணம் சேர்ந்ததையும், தமிழில் எடுத்த படத்துக்குப் பார்வையாளர் சேராமல் போனதையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது வேதனை தருகிறது.

ஆயினும் தமிழில் இப்பணி நடக்கவே இல்லை என்று கூறுவது பிழை. உலகப் படங்களைப் பற்றிய முதல் தீவிரமான கட்டுரைகளைச் சில நூறு பிரதிகளே அச்சான சிற்றிதழ்கள் தாங்கின. சு. தியடோர் பாஸ்கரன் தமிழ்த் திரைப்படத்தின் அரசியல், சமூக வரலாற்றை ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்குப் பின் தமிழிலும் தொடர்ந்து எழுதினார். திருவண்ணாமலை, மதுரை, கோவை முதலிய ஊர்களில் இடதுசாரி எழுத்தாளர் அமைப்புகளும் வாசகர் குழுக்களும் திரையிடல்களைத் தமிழ் விளக்கத்தோடு நடத்தியது, கேரளம் 1960களில் தொடங்கிய வேலையைக் காலம் கடந்தேனும் கையிலெடுத்ததாகும். குறுந்தகடு மலிவான பிறகு, சுருளும் வாடகைத் திரையரங்கும் இல்லாமலேயே, ஒரு கணிப்பொறியையும் ஒளிவீழ்த்தியையும் கொண்டு புத்தகக் கடையின் மாடியில்கூட இது நடக்கலாயிற்று.

அதே தொழில்நுட்பந்தான் பழைய சங்கங்களைத் தளர்த்தவும் செய்தது. 1982இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய தூர்தர்ஷன், விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே கொண்டுவந்தது. வீடியோ கேசட் அடுத்த அடியைக் கொடுத்தது. 1989 முதல் 1991 வரை கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் ஆட்சிகள் வீழ்ந்தபோது, கட்டணமின்றி வந்துகொண்டிருந்த படப்பெட்டிகளின் வரத்து நின்றது. அரசியல் வரலாற்றாசிரியர் எவரும் அந்த வீழ்ச்சியின் விளைவாகப் பதிவு செய்யாத ஒன்று இது. பல ஊர்களில் சங்கங்கள் சந்தா வசூலிக்க இயலாமல் மூடப்பட்டன. அவற்றின் இடத்தைப் பெரும் திரைப்பட விழாக்கள் நிரப்பின: கேரளத்தின் சர்வதேச விழா 1996இலும், இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சென்னை விழா 2003இலும் தொடங்கின. திருவனந்தபுரத்தில் விழாக் காலத்தில் நள்ளிரவிலும் வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், முப்பது ஆண்டுகளாக நூலகக் கூடங்களில் பயிற்றுவிக்கப்பட்ட அவையின் வாரிசுகள்.

ஆனால் விழா செய்வதும் சங்கம் செய்ததும் ஒன்றல்ல. ஒரு வாரத்தில் முப்பது படங்களைப் பார்த்து முடிப்பவர், ஒரு படத்தின் கடைசிக் காட்சியிலிருந்து அடுத்த படத்தின் வரிசைக்கு ஓட வேண்டியவராகிறார். மாதத்துக்கு ஒரு படம் பார்த்தவருக்கோ, அடுத்த படம் வரும்வரை அந்த ஒன்றைப் பற்றி நினைக்கவும், தேநீர்க் கடையில் வாதிடவும், குறிப்புத்தாளை மீண்டும் எடுத்துப் படிக்கவும் நான்கு வாரங்கள் இருந்தன. இணையத்தின் வழியே உலகின் எந்தப் படமும் கைக்கு எட்டும் இக்காலத்தில், பற்றாக்குறையாக இருப்பது படம் அன்று. ஒரே படத்தை ஒரே இருட்டில் பார்த்துவிட்டு, விளக்கு எரிந்த பின்னரும் எழுந்து போகாமல் அமர்ந்து தம் மொழியில் பேசும் நாற்பது பேரே கிடைப்பதற்கு அரியவர்கள். கேரளத்தின் சிறுநகரங்களிலும் சென்னை, கோவை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் இன்றும் மாதத் திரையிடலை நிறுத்தாத சங்கங்கள் அந்த நாற்பது பேரைத் தேடித்தான் ஒவ்வொரு மாதமும் அறிவிப்பை அனுப்புகின்றன.